மாமா ஏறுவதற்கு முன்னால் நான் கீழே போட்ட விமானங்கள்

நீங்கள் எப்போதாவது ஒரு விமானத்தைக் கீழே போட்டு நொறுக்கியிருக்கிறீர்களா?

நான் நொறுக்கியிருக்கிறேன். காலையில் பல் விளக்கியதும் ஒன்று, இட்லி தின்றதும் ஒன்று, கரண்ட் இருந்தால் மத்தியானம் இன்னும் ரெண்டு. பி.எஸ்சி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடக்கிறவனுக்கு வேறு என்ன பொழுதுபோக்கு? தெருவில் மற்ற பட்டதாரிகள் எல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து அடுத்தவன் பேப்பரை ஓசியில் படித்துக்கொண்டிருந்தபோது, நான் மதுரை வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு ஹாலில் பாய் போட்டு உட்கார்ந்து விமானம் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டினேன் என்றுதான் சொல்கிறேன். இறக்கினேன் என்று சொல்லவில்லை.

விமானம் இருந்தது ஒரு கேசட்டுக்குள். அதை ஓட்டும் கம்ப்யூட்டரை அண்ணன் குவைத்திலிருந்து வந்தபோது கொண்டுவந்தான். அங்கே யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்யும்போது பழைய மிக்சி, கிழிந்த சோபாவோடு சேர்த்துத் தள்ளிவிட்டது. ஜியாமெட்ரி பாக்ஸ் ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். கறுப்பு. சப்பை. பட்டன் என்று எதுவும் கிடையாது; மேல்தகட்டில் எழுத்துகளை அச்சடித்திருப்பார்கள், அதன்மேல் விரலை வைத்து அமுக்க வேண்டும். அமுங்கியதா இல்லையா என்று நமக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது. ஸ்கிரீன் தனியாக இல்லை. டி.வி.யின் ஆண்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்த ஓட்டையில் இதைச் சொருக வேண்டும். அதாவது, நான் பறந்தால் அம்மாவுக்கு டி.வி. இல்லை.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. முதுகில் ஒரு டப்பா தொங்கும். தீப்பெட்டி நாலைச் சேர்த்துக் கட்டிய அளவு. கம்ப்யூட்டரின் ஞாபகசக்தி முழுக்க அதற்குள்தான். அந்த டப்பா லேசாக ஆடினால் போதும், எல்லாம் மறந்துவிடும். பக்கத்து அறையில் அப்பா தும்மினால் மறக்கும். அம்மா அம்மியில் அரைத்தால் மறக்கும். மறந்தால் மறுபடி கேசட்டை முதலிலிருந்து போட வேண்டும். போட்டால் ஏழெட்டு நிமிஷத்துக்கு டேப்ரிக்கார்டர் கத்தும். பாட்டு இல்லை, பேச்சு இல்லை, தகரத்தை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரே கிரீச். அடுத்த வீட்டிலிருந்து ஒருமுறை ஆள் அனுப்பி, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்கள்.

கத்தி முடித்தால் விமானம் வரும். பாதி ஸ்கிரீனில் கடிகாரம் மாதிரி நாலைந்து வட்டம். மீதிப் பாதியில் மேலே வெள்ளை, கீழே கறுப்பு, நடுவில் ஒரு கோடு. வெள்ளை ஆகாசம், கறுப்பு பூமி, கோடு தொடுவானம். இது ஒரு படம். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்த படத்தைப் போடும். மூக்கைத் தூக்கு என்று அமுக்கினால், யோசித்து, பெரியவர்களைக் கலந்து பேசி, அப்புறம் தூக்கும். அதற்குள் நமக்குப் பொறுமை போய் இன்னும் ரெண்டு அமுக்கு அமுக்கியிருப்போம். அது அந்த ரெண்டையும் மறக்காமல் சேர்த்துவைத்துச் செய்யும். விமானம் செங்குத்தாக எழும்பி, நின்று, தலைகுப்புற வந்து, ஸ்கிரீன் முழுக்க வெளுத்து, நடுவில் இங்கிலீஷில் 'கிராஷ்' என்று ஒரு வார்த்தை.

இதில் கொடுமை என்னவென்றால், எங்கள் வீடு ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது. மெட்ராஸ் விமானம் எங்கள் மொட்டைமாடிக்கு மேலேதான் தாழ இறங்கும். கொடியில் காயும் துணி ஆடும். கூரைக்கு மேலே தினம் ஒருத்தன் ஒழுங்காக இறக்கிக்கொண்டிருந்தான். கூரைக்குக் கீழே நான் தினம் கீழே போட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில்தான் எழுமலையிலிருந்து மாமா வந்தார்.

மாமா அம்மாவின் தம்பி. வெங்காயமும் பருத்தியும் போடுகிறவர். தண்ணீர் கண்ணுக்கே தெரியாத ஆழக் கிணற்றில் மோட்டார் பார்க்கக் கயிறு இல்லாமல் இறங்குவார். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி, 'இது விசமில்ல' என்று அடுத்தவன் முகத்துக்கு நேரே காட்டுவார். அப்படிப்பட்டவர் ஆரப்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, டவுன் பஸ் மாறி, நெற்றியெல்லாம் வேர்வையோடு வந்து உட்கார்ந்து, மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு கவரை எடுத்து, அதைத் தொடப் பிடிக்காதவர் மாதிரி பாயில் வைத்தார்.

விமான டிக்கெட். மதுரையிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து டெல்லி.

விஷயம் இதுதான். அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரு தங்கச்சி, என் சித்தி, டெல்லியில் இருக்கிறாள். அவள் மகனுக்குக் காதுகுத்து. ஊரில் வைத்துச் செய்வதாகத்தான் பேச்சு. திடீரென்று சித்தப்பாவுக்கு மாற்றல் உத்தரவு வரும்போல் இருக்க, அதற்குள் முடித்துவிடலாம் என்று அங்கேயே நாள் குறித்துவிட்டார்கள். ரயிலில் இடம் இல்லை. சித்தப்பா தன் கவுரவத்துக்கு ஒரு விமான டிக்கெட்டை எடுத்து அனுப்பிவிட்டார். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் வரவில்லை என்றால் சித்தப்பாவின் பங்காளி ஒருத்தர் மடி தயாராக இருந்தது. சித்தி கல்யாணமாகிப் போன நாளிலிருந்து 'உங்க வீட்டுல யாரு இருக்கா' என்று கேட்டுக்கொண்டிருக்கும் குடும்பம் அது. அந்தப் பங்காளி மடியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால், அப்புறம் சித்தி ஆயுசுக்கும் அந்த வீட்டில் நிமிர்ந்து பேச முடியாது.

"போயிட்டு வா தம்பி. எம்புட்டுப் பேரு போறாக" என்றாள் அம்மா.

"போறதுக்கென்னக்கா, போவேன். கெடாயத்தான் எப்படிக் கொண்டு போறதுன்னு யோசிக்கிறேன்."

"எந்தக் கெடாய்?"

"சீருக்குக் கெடா வேணாமா? வளத்து வச்சிருக்கேன். அதுக்கும் டிக்கெட் போடுவாகளா?"

தாலுகா ஆபீஸ் கிளார்க்கான என் அப்பா பேப்பரை மடக்கினார். "போடுவாங்க மாப்ள. ஜன்னல் ஓரம் அதுக்குக் குடுத்துட்டு நீங்க நடுவுல உக்காந்துக்கங்க."

மாமா சிரிக்கவில்லை. கிடாவைச் சாக்கு வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அம்மாவுக்கும் புரிந்தது. கிடாவை ஊரிலேயே விட்டுவிட்டுக் கம்மலும் சட்டையும் கொண்டுபோனால் போதும் என்று தீர்த்துவைத்தாள். சாக்கு போனதும் மாமாவின் பார்வை டி.வி. பக்கம் திரும்பியது.

"மாப்ள, நீயி பிளேன் ஓட்டுறியாமே. உங்கம்மா லெட்டர்ல எழுதியிருந்துச்சு."

"ஓட்டுறேன் மாமா."

"அத ஒருக்கா காட்டு. பயந்துக்கிட்டுக் கேக்கல. மாடு வாங்கப் போனாலே ரெண்டு நாளு கூடவே நின்னு, தண்ணி குடிக்கிறத, சாணி போடுறத எல்லாம் பாத்துட்டுத்தான் நான் கயித்தைப் பிடிப்பேன். இதுல ஆளே ஏறி உக்காரணும்ல."

இந்த இடத்தில் புத்தி உள்ளவன் எவனும் மெஷின் ரிப்பேர் என்று சொல்லியிருப்பான். நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேசட்டைப் போட்டேன்.

முதல் தடவை கேசட் கத்தி முடிக்கிற நேரத்தில் மாமா நன்றாகப் பார்க்க வேண்டுமென்று பாயை முன்னால் இழுத்தார். டப்பா ஆடியது. மறந்துவிட்டது. இரண்டாவது தடவை மாமா இருமினார். மறந்துவிட்டது. மூன்றாவது தடவை எல்லோரும் சிலை மாதிரி இருந்தோம். விமானம் எழும்பியது. அது எழும்பியதை நான் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. கறுப்பு குறைந்து வெள்ளை கூடியதுதான் எழும்புதல்.

"இப்ப மேல போயிருச்சா?"

"போயிருச்சு மாமா. இப்ப பாருங்க, அப்படியே சுத்தி வந்து எறக்குறேன்."

கோடு சாய்ந்தது. நான் நிமிர்த்தினேன். அது நிமிரவில்லை. இன்னும் அமுக்கினேன். நிமிர்ந்து மறுபக்கம் சாய்ந்தது. மாமாவும் கூடவே சாய்ந்தார். ஸ்கிரீன் வெளுத்தது. நடுவில் அந்த வார்த்தை வந்தது.

"என்னமோ அஞ்செழுத்து வருதே, என்னது?"

"அது வந்து, ஆட்டம் முடிஞ்சதுன்னு போட்டிருக்கு மாமா."

அப்பா தனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதை நிரூபிக்க இந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தார். "விழுந்து நொறுங்கிருச்சுன்னு போட்டிருக்கு."

மாமா டி.வி.யை ஒருமுறை பார்த்தார், கம்ப்யூட்டரை ஒருமுறை பார்த்தார். அப்புறம், ரொம்ப நியாயமான ஒரு கேள்வியைக் கேட்டார்.

"வண்டிக்குப் பூசை போட்டியா?"

"இது வண்டி இல்ல மாமா. கம்ப்யூட்டர்."

"ஓட்டுற சாமான் எல்லாம் வண்டிதான். டிராக்டரு வாங்குனேன், மோட்டாரு எறக்குனேன், எதையாச்சும் பூசை போடாம கையால தொட்டிருக்கேனா? பச்சையா ஓட்டுனா விழுகாம என்ன செய்யும்? படிச்ச பய பேச்சப் பாரு. அக்கா, எலுமிச்சம்பழம் இருக்கா?"

இருந்தது. கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம், சந்தனத்தில் குங்குமம். பட்டை போட்டதில் எண்கள் எல்லாம் மறைந்துவிட்டன. நல்லவேளையாக எனக்கு மனப்பாடம். சூடம் காட்டினார். அப்புறம் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சக்கரம் எங்கன இருக்கு?"

"சக்கரம் கிடையாது மாமா."

"சக்கரம் இல்லாம எப்படிடா ஓடும்? சரி, பின்னாடி என்னமோ தொங்குதே, அங்கன வைப்போம்."

நான் 'அது மட்டும் வேண்டாம்' என்று சொல்லி முடிப்பதற்குள், முதுகில் தொங்கிய மெமரி டப்பாவுக்கும் பாய்க்கும் நடுவில் இருந்த சந்தில் பழத்தைத் திணித்து, உள்ளங்கையால் ஒரு அமுக்கு அமுக்கினார். பழம் பாதி நசுங்கி, டப்பாவுக்கு அடியில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அன்றைக்குப் பிறகு டப்பா ஆடவே இல்லை.

நான் அட்டையை மடித்து வைத்துப் பார்த்திருக்கிறேன், ரப்பர்பேண்ட் போட்டுப் பார்த்திருக்கிறேன், பசைகூடப் போட்டிருக்கிறேன். எதற்கும் மசியாத டப்பா ஒரு எலுமிச்சம்பழத்துக்கு அடங்கியது. அப்பா தும்மினார், நிற்கிறது. அம்மா அம்மியில் அரைத்தாள், நிற்கிறது. தாங்குவதற்கு அடியில் மெத்தென்று ஏதோ வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று நான் விளக்கினேன். மாமா என் விளக்கத்தை, ஒரு பிள்ளை ஒண்ணாம் வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்கிற மாதிரி கேட்டார்.

இதில்தான் எனக்கு ஆப்பு. இதுவரைக்கும் அது என் விளையாட்டுச் சாமான். பூசை பலித்ததும் அது மாமாவுக்கு வாக்குச் சொல்கிற இடமாகிவிட்டது. பூசை போடாத வண்டி விழுந்தால் அதற்குக் காரணம் உண்டு. பூசை போட்ட வண்டியும் விழுந்தால்?

விழுந்தது. மறுநாள் காலையில் விழுந்தது. மத்தியானம் விழுந்தது. மாமா ஊருக்குப் போகாமல் எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவர், அந்த ஐந்தெழுத்தை மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டார். பின்கட்டில் குளித்துக்கொண்டே, "அஞ்செழுத்து வந்துருச்சா மாப்ள?" என்று கேட்பார். வந்துவிட்டது என்பேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றுவிடும்.

நானும் சும்மா இருக்கவில்லை. மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய் நிஜ விமானம் இறங்குவதைக் காட்டினேன். வயிறு தெரிகிற உயரத்தில் வந்து, வீடுகளுக்குப் பின்னால் மறைந்தது.

"பாத்தீங்களா மாமா, எப்படி எறங்குது."

"எங்க எறங்குச்சு? அந்தா அந்த வீட்டுக்குப் பின்னாடி போயிருச்சு. அங்கிட்டு என்ன ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? உன்னோடதுல கடைசிவரைக்கும் காட்டுதுல்ல."



பயணத்துக்கு ரெண்டு நாள் இருக்கும்போது மாமா முடிவைச் சொல்லிவிட்டார். "டிக்கெட்டத் திருப்பிக் குடுத்துருவோம்க்கா. பிள்ளைக்குக் காதுதான் முக்கியம். மடி எதா இருந்தா என்ன."

 அன்று சாயங்காலம் தெருமுனை மருந்துக்கடைக்குச் சித்தி டெல்லியிலிருந்து போன் போட்டாள். மாமாதான் போய்ப் பேசினார். நான் பக்கத்தில் நின்றேன். லைனில் ஒரே இரைச்சல், அதனால் சித்தி கத்திப் பேசினாள், மருந்துக்கடை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, என்னைக்கு வார? இவுக எல்லாரும் கேட்டுக்கிட்டே இருக்காக. அந்தப் பங்காளிக்குப் புது வேட்டி எடுத்தாச்சாம். நான் சொல்லிட்டேன், எங்கண்ணன் மடி இல்லாம காதுல ஊசி படாதுன்னு. வாரேல்ல?"

மாமா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். கடைக்காரர் மாத்திரையை எண்ணுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"என்னண்ணே சத்தத்தக் காணோம்?"

"லைன் சரியில்லத்தா. கேக்கல" என்று சொல்லி வைத்துவிட்டார்.  வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மாப்ள, ஒரு தடவ, ஒரே ஒரு தடவ விழுகாமக் காட்டிரு. நான் போயிருவேன்" என்றார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சித்திரை வெயில். அந்தக் கம்ப்யூட்டருக்குச் சூடு ஆகாது. அதனால் அதன் தலையில் பானைத்தண்ணீர் நிரப்பிய ஒரு சொம்பை வைத்திருந்தேன். அம்மா பனை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். விபூதி, சந்தனம், எலுமிச்சம்பழம், சொம்பு, விசிறி. கும்பாபிஷேகத்துக்கு வந்த மாதிரி இருந்தது. மத்தியானம் முழுக்க ஓட்டினேன். மத்தியானம் முழுக்க ஐந்தெழுத்து. சாயங்காலம், கடைசி தடவை என்று சொல்லிவிட்டு ஏற்றினேன். எழும்பியது. கோட்டை நேராக்கினேன். வெள்ளை பாதி, கறுப்பு பாதி, நடுவில் ஆடாத கோடு. இடதுபக்கம் திருப்பினேன். திரும்பவில்லை. வலதுபக்கம். இல்லை. எதை அமுக்கினாலும் அசையவில்லை.

சூடு தாங்காமல் மெஷின் அப்படியே நின்றுவிட்டது.

"மாமா, இது வேலைக்காகாது, நின்னுருச்சு. அணைச்சிட்டு மறுபடி போடணும்."

"எங்க நின்னுருச்சு?"

"ஆகாசத்துலதான்."

"விழுகலல்ல?"

"விழாது மாமா. அது ஓடவே இல்ல. சூட்டுல மெஷின் மயங்கிருச்சு. இனி ஒண்ணும் நடக்காது."

"ஓடாமயே ஆகாசத்துல நிக்கிதா" என்றார் மாமா. குரல் மாறியிருந்தது. சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "தொடாத. எம்புட்டு நேரம் நிக்கிதுன்னு பாப்போம்."

நான் எவ்வளவோ சொன்னேன். இது விமானம் நிற்கிறது இல்லை, படம்தான் நிற்கிறது என்றேன். கண்ணால் பார்க்கிறதைச் சொல்லு என்றார். கண்ணால் பார்த்தால் அது நிற்கத்தான் செய்தது. கொஞ்ச நேரம் கழித்து, எதிரே இருக்கிற கடையில் சவரம் பண்ணிவிட்டு வருகிறேன், அதற்குள் விழுந்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நின்றுகொண்டிருந்தது.

சிக்கல் என்னவென்றால், ஞாயிறு சாயங்காலம் டி.வி.யில் படம் போடுவார்கள். எங்கள் தெருவில் டி.வி. உள்ள வீடு குறைவு. பெண்டு பிள்ளைகள் எல்லாம் குளித்து, பூ வைத்து, எங்கள் ஹாலில் வந்து இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டார்கள். எதிரே வெள்ளை பாதி, கறுப்பு பாதி.

"படம் போட்டாச்சா?" என்று ஒரு அக்கா கேட்டார்.

"இதான் படம்" என்றான் முன்வரிசையில் ஒரு பொடியன்.

அம்மா எழுந்து ஆண்டெனா ஒயரை மாற்றப் போனாள். மாமா முழுசாகச் சவரம் செய்த முகத்தோடு குறுக்கே வந்து நின்றார்.

"அக்கா, அதப் புடுங்கினா விழுந்துரும்."

"தெருவே வந்து உக்காந்துருக்கு தம்பி."

"இன்னைக்கு ஒரு நாளு விட்ருக்கா. நிக்கட்டும்."

அம்மா வாரம் பூராவும் அந்தப் படத்துக்காகக் காத்திருப்பவள். அன்றைக்கு மட்டும் அடுப்படி வேலையை மூன்று மணிக்கே முடிப்பவள். தம்பி முகத்தைப் பார்த்தாள். டி.வி.யைப் பார்த்தாள். எனக்குத் தெரியும், அவள் காதில் மருந்துக்கடை போன்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கும். கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"இன்னைக்கு நம்ம வீட்டுல படம் இல்லத்தா. பிளேன்தான். பாக்குறவுக பாக்கலாம்."

ஆச்சரியம், பாதிப் பேர் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு கோட்டை. யாரோ கடலை வறுத்துக் கொண்டுவந்தார்கள். மாமா ஒவ்வொருவருக்கும் பொறுமையாக விளக்கினார்: வெள்ளை ஆகாசம், கறுப்பு பூமி, டிரைவர்கூடக் கையை எடுத்துட்டான், அப்பவும் நிக்கிது. டிரைவர் நான். ஒருத்தர் எப்போது இறங்கும் என்று கேட்டதற்கு, "எறக்குறது அவசரமா என்ன? மேல நிக்கிதுல்ல, அதச் சொல்லுங்க" என்றார். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

இருட்டுகிற நேரத்தில் வழக்கம்போல் கரண்ட் போயிற்று. படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி, புள்ளியும் அணைந்தது. 

"மாப்ள, அஞ்செழுத்து வந்துச்சா?"

"வரல மாமா. கரண்ட்தான் போச்சு."

"நானும் பாத்தேன். விழுகல. வெளக்குதான் அமந்துச்சு." அப்புறம், "அக்கா, அந்தக் கம்மல எடுத்துப் பையில வையி. காலையில கெளம்புறேன்" என்றார். இருட்டில் பெண்கள் யாரோ கை தட்டினார்கள்.

காலையில் ஏர்போர்ட்டுக்கு எல்லோரும் போனோம். மாமா புது வேட்டி, புதுச் செருப்பு. மடியில் எலுமிச்சம்பழம். சோதனை போட்டவர் பழத்தை வாங்கி முகர்ந்து பார்த்து, தலைசுற்றலுக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அப்புறம் உள்ளே நடந்தது மாமா சொன்னது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து நான் பார்த்தது வெறும் ஊமைப்படம்.

பயணிகள் எல்லோரும் வரிசையாக நடந்து படிக்கட்டுக்குப் போனார்கள். மாமா மட்டும் வரிசையை விட்டு விலகி, முன்சக்கரத்தை நோக்கி நடந்தார். காக்கி போட்ட ஒருத்தர் ஓடிவந்தார்.

"அண்ணே, அங்கிட்டு எங்க போறீக? படி இங்கிட்டு இருக்கு."

"ஒரு நிமிசம் தம்பி. இத மட்டும் வச்சிட்டு வந்துர்றேன்."

காக்கிக்காரர் பழத்தைப் பார்த்தார். "புது வண்டிக்குத்தானண்ணே வைப்பாக. இது தெனம் வந்துபோற வண்டி."

"எனக்குப் புதுசு தம்பி."

காக்கிக்காரர் படிக்கட்டைப் பார்த்தார், பின்னால் திரும்பிப் பார்த்தார். "சக்கரத்துல வச்சா என் சோலி போயிரும்ண்ணே. இங்க குடுங்க, நான் வச்சிருக்கேன். வண்டி மேல போற வரைக்கும் எடுக்க மாட்டேன்." வாங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு அது போதுமானதாக இருந்தது. படியேறினார். மேல்படியில் நின்று எங்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பின்னால் வந்தவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

விமானம் ஓடி எழும்பியது. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு அது சின்னதாகிற வரைக்கும் பார்த்தாள். அப்புறம் என்னைக் கேட்டாள்.

"எறங்கிரும்ல?"

அதுவரை ஒன்றைக்கூட ஒழுங்காக இறக்காத நான் சொன்னேன். "எறங்கிரும்மா. இது நான் ஓட்டலைல்ல."

ரெண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்கு மறுபடி போன் வந்தது. பிள்ளை மாமா மடியில் உட்கார்ந்து, காது குத்தும்போது வீல் என்று கத்தி, புது வேட்டியை நனைத்துவிட்டானாம். பங்காளி தன் புது வேட்டியைக் கழற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்றாம். இதைச் சொல்லும்போது சித்தி சிரித்த சிரிப்பில் கடைக்காரரும் சிரித்தார்.

திரும்பும்போதும் மாமா விமானத்தில்தான் வந்தார். எழுமலையில் இப்போது விமானத்தைப் பற்றிப் பேச வேறு யாருக்கும் உரிமை கிடையாது. உள்ளே என்ன தருவார்கள், பெல்ட்டை எப்படிப் போடுவது, மேகம் எப்படி இருக்கும், எல்லாம் அவர்தான். இறங்கும்போது என்ன ஆச்சு என்று கேட்டால் மட்டும், கண்ணை மூடியிருந்தேன் என்பார்.

எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, மெஷினை வாடகைக்கு எடுத்து, மற்றவர்களுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறேன். ஓய்வில் இதை அடிக்கிறேன். கம்ப்யூட்டரும் அதே கம்ப்யூட்டர்தான். சித்திக்கு ரெண்டாவதாகப் பெண் பிறந்து, அதற்கும் காது குத்துகிற வயசாகிவிட்டது. போன வாரம் டிக்கெட் வந்தது. இன்று காலையில் மாமா வந்து இறங்கினார். வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை, "வண்டிய எடு மாப்ள, ஒருக்கா நிக்க வச்சுப் பாத்துட்டுக் கெளம்புறேன்" என்று பாயை விரித்துவிட்டார். டேப் கத்திக்கொண்டிருக்கிறது. சொம்பில் தண்ணீர் ரெடி, விபூதி ரெடி. டப்பாவுக்கு அடியில் இருந்த பழம் எப்போதோ காய்ந்து உதிர்ந்துவிட்டது; வீட்டில் வேறு எலுமிச்சம்பழம் இல்லை.